முன்னால் ஒரு சாய்கோடு

கரண்ட் போய் வந்த அந்தச் சில வினாடிகளுக்குள் மெஷினின் திரை கறுத்து, பிறகு வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறினவே, அதைப் பார்த்தவன் இந்த வார்டில் நான் ஒருவன்தான். ஜெனிலா சிஸ்டர் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள், ரத்தம் சுற்றும் பம்பைப் பார்த்தாள், பம்ப் பேட்டரியில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, அவளுக்கு அது போதும், திரை என்ன எழுதினால் அவளுக்கென்ன. எனக்கு அப்படி விட முடியவில்லை. முப்பது வருஷம் இந்த மாதிரி எழுத்துகளைப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான். மெமரி இவ்வளவு, டிஸ்க் இது, கடிகாரம் இது என்று அது தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு எழுந்த விதத்திலேயே தெரிந்துபோயிற்று, உள்ளே கம்ப்யூட்டரை நடத்தும் ஆதார மென்பொருள் எது என்று. லினுக்ஸ். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், பதினோரு மாதமாக என் ரத்தத்தைக் கழுவிக் கழுவி எனக்கே திருப்பித் தரும் பெட்டியின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது லினுக்ஸ். அதே வேலைக்கு முன்னால் வந்த அசல் யூனிக்ஸ் இல்லை, வெளியே நின்று பார்த்து எழுதின நகல் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே லினுக்ஸ். என் தம்பி மருதாசலம் இதைப் பார்த்திருந்தால் சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்திருப்பான். வெளியேதான் இருக்கிறான், வராந்தாவில், நீல நாற்காலியில், காலை எட்டரையிலிருந்து. கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அவனிடம் சொல்லவேண்டியது இது இல்லை. இப்போது ஒன்பதே முக்கால். பன்னிரண்டரைக்கு என்னைக் கழற்றிவிடுவார்கள். அதற்குள் கிராஸ்மேட்ச் முடிவு வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் ரத்தத்தையும் மருதாசலத்தின் ரத்தத்தையும் கலந்து பார்த்து, அவனுடைய சிறுநீரகத்தை என் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, வேற்றாள் என்று விரட்டுமா என்று சொல்லும் கடைசிப் பரிசோதனை. அந்த முடிவு வருவதற்கு முன்னால் நான் அவனிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

வந்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். சேருகிறது என்று வந்து, அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தால், கொடுக்கிறானே என்பதற்காகப் பேசுகிறேன் என்று ஆகும். சேரவில்லை என்று வந்து, அதற்கப்புறம் வாயைத் திறந்தால், பாவம், படுக்கையில் கிடந்து புலம்புகிறான் என்று ஆகும். இரண்டும் தெரியாத இந்த இரண்டே முக்கால் மணி நேரம்தான் எனக்கு மிச்சமிருக்கிற சுத்தமான நேரம். இவன் வராமலே இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. யாரிடமும் கேட்கமாட்டேன் என்று நான் வீம்பு பிடித்தேன். கோமதிக்குச் சர்க்கரை, மனைவியாக இருந்தாலும் அவள் கொடுக்க முடியாது என்று முதல் வாரமே தள்ளிவிட்டார்கள். அவள் என் வீம்புக்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் ஓசூரில் இருக்கும் இவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், பையும் கையுமாக வாசலில் நிற்கிறான். என்னடா என்றேன். லீவு போட்டிருக்கேன் என்றான். எத்தனை நாளைக்கு என்றேன். வேணுங்கிற வரைக்கும் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, காபி இருக்கா அண்ணி என்று உள்ளே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் விதிப்படி அவனைத் தனியே உட்காரவைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டார்களாம், யாராவது வற்புறுத்தினார்களா, அண்ணன் கேட்டாரா என்று. அவர் கேக்கலைங்க, கேக்கவும் மாட்டாருங்க, அதனாலதான் நானா வந்தேன் என்றானாம். கோமதி வந்து சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக நாங்கள் பேசாமல் இருந்தவர்கள் இல்லை, அதுதான் வேடிக்கை. அம்மா காரியத்தில் பேசினோம், கல்யாண வீடுகளில் பேசினோம், சாப்பிட்டாயா, எந்த பஸ்ஸில் வந்தாய், ஓசூரில் மழை உண்டா. அதற்கு மேல் ஒரு வார்த்தை போனால் அந்தச் சனிக்கிழமையில் போய் முட்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் மழையோடு நிறுத்திக்கொள்வோம்.

கையை அனக்காம வைங்க சார் என்கிறாள் ஜெனிலா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், அசைக்காதே என்பதற்கு அவள் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். இடது கையில் இரண்டு ஊசி, ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. கை அசையவில்லை அம்மா, மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அந்த வரிகளைப் பார்த்ததிலிருந்து இது எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று போய்க்கொண்டே இருக்கிறது. அறுபத்தொன்பதில், அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். பெரிய திட்டம் ஒன்றிலிருந்து கம்பெனி விலகிக்கொண்டது, அதில் வேலை பார்த்தவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. யாரும் அதிகம் தொடாத ஒரு சின்ன மெஷின் கிடந்தது. அவர்களில் ஒருவர், மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமனார் மாமியாரைப் பார்க்கப் போயிருந்த மூன்று வாரத்தில், வாரத்துக்கு ஒரு பகுதியாக எழுதி யூனிக்ஸை எழுப்பி நிறுத்தினார் என்பார்கள். கோமதி பொள்ளாச்சிக்குப் போன மூன்று வாரங்கள் எனக்கும் எத்தனையோ வந்து போயிருக்கின்றன, குடித்த டம்ளரைக்கூட நான் கழுவி வைத்ததில்லை. அந்தக் கம்பெனிக்கோ டெலிபோனைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக்கூடாது என்று அரசாங்கத்தோடு ஒப்பந்தம். விற்க முடியாது. அதனால் கேட்ட கல்லூரிகளுக்கெல்லாம் டேப்பில் பதிந்து, பெயருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தார்கள், மூலவரிகளோடு, அதாவது உள்ளே எழுதியிருப்பது அத்தனையையும் எவனும் வாசிக்கலாம், திருத்தலாம் என்கிற மாதிரி. விற்க முடியாததால் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். எங்கேயோ ஒரு மாமனார் வீட்டுப் பயணம், எங்கேயோ ஓர் ஒப்பந்தத்தில் ஒரு வரி, அதனால் இங்கே கோயமுத்தூரில் தண்டபாணி என்ற ஒருவன் சோறு தின்றான், கல்யாணம் செய்தான், இப்போது மூச்சும் விட்டுக்கொண்டிருக்கிறான். முகம் தெரியாத இத்தனை பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். முகம் தெரிந்தவனுக்குத்தான் நாக்கு எழவில்லை.

அந்த டேப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் விடுவார்களா, இதைச் சேர்த்தார்கள், அதை மாற்றினார்கள், நெட்வொர்க்கோடு பேச வைத்தார்கள், பிஎஸ்டி என்று ஒரு வழி கிளம்பிற்று. டெலிபோன் கம்பெனி பிற்பாடு ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதும், அடடா, இது நம் வீட்டுப் பொருளல்லவா என்று தன்னுடைய யூனிக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விற்க ஆரம்பித்தது, அது இன்னொரு வழி. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லினுக்ஸ் அப்படி இல்லை. தொண்ணூற்றொன்றில் பின்லாந்தில் ஒரு மாணவன், யூனிக்ஸின் ஒரு வரியைக்கூட எடுக்காமல், அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்த்துவைத்துக்கொண்டு, தானாக முதலிலிருந்து எழுதினது. எழுதினதும் நடுவில் உள்ள கர்னல் மட்டும்தான், சுற்றியுள்ள கருவிகள் எல்லாம் வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காக எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தவை. பிஎஸ்டி அஸ்திவாரத்திலிருந்து ஓடு வரை ஒரே மேஸ்திரி கட்டின வீடு, லினுக்ஸ் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்து சேர்த்த வீடு, இது நான் அந்தக் காலத்தில் சொல்லும் வசனம். நான் படித்த கல்லூரியில் இருந்த மெஷின் பெர்க்கிலி வழி, அதனால் எனக்கு அந்தப் பெருமை. மருதாசலத்துக்கு லினுக்ஸ் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியில் கிடைத்தது. ஓசியில் வந்ததைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கிண்டல் செய்வேன். ரத்த சம்பந்தம் இல்லாததுடா உன்னுது என்பேன். ரத்தத்த வெச்சு என்ன பண்றதுண்ணா, வேல செய்யுதான்னு பாரு என்பான். காந்திபுரம் குறுக்குத்தெருவில் மாடியில் ஓர் அறை, இரண்டு மேஜை, பத்துப் பன்னிரண்டு இடங்களின் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை, நாள் முழுக்க இந்தச் சண்டை. இப்போது யோசித்தால் என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்த வருஷங்கள் அவைதான். அப்போதே தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகக் கிண்டல் செய்திருப்பேன்.

கதவு திறக்கிறது, அவன்தான். பத்தரை ஆகப்போகிறது. குளுருதாண்ணா என்கிறான். மெஷினில் சுற்றி வரும் ரத்தம் கொஞ்சம் ஆறித்தான் உடம்புக்குள் வரும், எப்போதும் குளிரும், இல்லை என்கிறேன். இல்லை என்றதும் போர்வையை இழுத்துக் காலை மூடிவிடுகிறான். இப்போது சொல்லலாம். மருதா என்று ஆரம்பித்தேன், என்னண்ணா என்றான், ஒண்ணுமில்லை, மணி என்ன என்றேன். மணி எதிர்ச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது, பானை அளவுக் கடிகாரம். அவன் அதைப் பார்த்து மணி சொன்னான், என்னையும் பார்த்தான். பிறகு அவன் பையில் போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனான், சரிங்க, சரிங்க, சரிங்க டாக்டர் என்றது மாதிரி கேட்டது, இல்லை, சரிங்க சார் என்றிருப்பான், ஓசூர் ஆபீஸாக இருக்கும், இத்தனை நாள் லீவு யார் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை தானாக உப்பிக் கையைப் பிடிக்கிறது. நூறு, அறுபது. குறைகிறது. போன மாதம் பக்கத்துப் படுக்கையில் இருந்த மில் சூப்பர்வைசர் எண்பதுக்கு இறங்கி, கண் செருகி, சுற்றி ஐந்து பேர் ஓடி, பிறகு பிழைத்தும் கொண்டார், ஆனால் அந்தச் செருகின கண் எனக்குள்ளேயே இருக்கிறது. சொல்லாமல் அப்படி ஒரு நொடியில் போய்விட்டால்? எனக்கு என் சாவைவிட அதுதான் பயமாக இருக்கிறது, அவன் என் படத்துக்கு மாலை போடும்போதும் அந்தப் பொய் அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்பது. கெண்டைக்காலில் சுருக்கென்று பிடித்தது. ஜெனிலா ஓடி வந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், விடவே இல்லை. என் காலை இப்படி யார் பிடிப்பார்கள். உனக்கும் நன்றி அம்மா, வாய்விட்டே சொன்னேன், அவள் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். அவளிடம் எவ்வளவு சுலபமாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை. எங்கள் மாடியறைக்கு ஒரே ஒரு விதி உண்டு, பிரித்துப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று சொல்லாதே. வாரம் பூராவும் உள்ளதை டேப்பில் பதிந்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற ஆட்கள் உண்டு, ஆபத்துக்கு எடுத்தால் டேப் வெறுமையாக இருக்கும். அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏதாவது ஓர் இடத்துக்குப் போய், அங்கே உள்ள டேப்பை ஒரு காலியான இடத்தில் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு பிரித்ததை அழித்துவிடுவோம். அந்த வாரம் ஒரு பரிசோதனைக்கூடத்தின் முறை. ரத்தம், சிறுநீர், சர்க்கரை பார்க்கிற லேப், அங்கே மட்டும் பழைய யூனிக்ஸ், டெலிபோன் கம்பெனி வழியில் வந்தது. அது என் பொறுப்பு, மருதாசலம் அதைத் தொட்டதில்லை. நான் கோமதி சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தேன். அவன் லேப்புக்குப் போய் டேப்பைச் செருகிவிட்டு, எனக்குப் போன் போட்டுக் கேட்டான், அண்ணா, இந்த மெஷின்ல ஏதாச்சும் வேற மாதிரி இருக்குமா, பாத்துச் செய்யோணுமா என்று. மேளம் காதைப் பிளந்தது, பந்தியில் இலை போட்டாயிற்று, மச்சான் கையைப் பிடித்து இழுக்கிறான். எல்லாம் ஒண்ணுதாண்டா, போடு என்றேன். நான். வருஷக்கணக்காக அது வேறு இது வேறு என்று வாய் வலிக்கச் சொன்ன நான்.

ஒன்றில்லை. டேப்பில் கட்டவும் பிரிக்கவும் உள்ள கட்டளை இரண்டிலும் டார்தான், பெயரும் ஒன்று, வேலையும் ஒன்று. ஃபைலின் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு இருந்தால் அது முழு விலாசம், இன்ன டிஸ்க்கில் இன்ன அறையில் என்று அடியிலிருந்து சொல்வது. லினுக்ஸில் உள்ள டார் ஒரு முன்ஜாக்கிரதைக்காரர் எழுதினது, அந்தச் சாய்கோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நீ எங்கே நிற்கிறாயோ அங்கேயே பிரித்து வைக்கும். அந்தப் பழைய யூனிக்ஸின் டார் அப்படி இல்லை, முழு விலாசம் எழுதியிருக்கிறதா, நீ எங்கே நின்றால் எனக்கென்ன என்று நேரே அந்த விலாசத்துக்கே போய் இறக்கிவிடும், அங்கே ஏற்கெனவே இருப்பதன் தலைமேலேயே. அதைத் தடுக்க ஏ என்று ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் கட்டளையோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மருதாசலம் புத்திசாலித்தனமாகக் காலி இடம் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் போய் நின்று, டார் போட்டான். லினுக்ஸில் பழகின கை எதுவும் அதைத்தான் செய்யும். அந்தக் காலி இடம் காலியாகவே இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை டேப், சனிக்கிழமை வரை சேர்ந்திருந்த ரிப்போர்ட்டுகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு நாள். நூற்று நாற்பது பேருக்கு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டி வந்தது, அதில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இப்போது வாரம் மூன்று முறை எனக்கு ஊசி குத்தும்போது ஏதோ ஒரு கணத்தில் அந்த நூற்று நாற்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

அதுகூடப் பரவாயில்லை, தவறு யாருக்கும் வரும். என் தொண்டையில் நிற்பது அது இல்லை. அந்த ஏ எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். ஒரு தரம் என் கையே சுட்டுக்கொள்ள இருந்தது, மயிரிழையில் தப்பி, உடனே எனக்கென்று மூன்றே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன், முதல் வரியில் இடம் உண்டாக்கு, இரண்டாவது வரியில் ஏ சேர்த்து டார் போடு, மூன்றாவது வரி எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு, ஏ இல்லாமல் போட்டால் நேரே உள்ளே போய் எழுதும், ஜாக்கிரதை என்று. தேதியோடு. அந்த லேப் மெஷினிலேயே, என் பெயரில் உள்ள இடத்தில் இருந்தது. தம்பியிடம் சொன்னேனா? இல்லை. ஏன் என்று இருபது வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். அவனுக்குத் தெரியாதது எனக்கு ஒன்று தெரியும் என்று வைத்துக்கொள்வதில் ஓர் இனிப்பு, வேறென்ன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் லேப்புக்குப் போய், எல்லோரும் கலங்கி நிற்கையில் நான் செய்த முதல் வேலை அந்த மூன்று வரியை அழித்தது. திங்கட்கிழமை லேப்காரர் எங்கள் மாடியறைக்கு வந்தார், கத்தவில்லை, நல்ல மனிதர், யாருங்க இதுக்குப் பொறுப்பு என்று மட்டும் கேட்டார். இப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்கே தெரியாதுங்க, இவன்தான் பார்த்துச் செய்திருக்க வேண்டும் என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், போன் பேச்சைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை, ஆமாங்க, என் தப்புதாங்க என்றான். அந்த வாரமே ஓசூருக்குப் போய்விட்டான்.

பதினொன்றே முக்கால். அவன் இன்னொரு தரம் வந்து எட்டிப் பார்த்தான், என் வாய் இன்னொரு தரம் திறந்து மூடிக்கொண்டது, வெளியில் வெயில் எப்படி என்று கேட்டேன். எப்படியோ நினைப்பு அந்த வழக்குக்குப் போகிறது. டெலிபோன் கம்பெனி வகையறா பெர்க்கிலிக்காரர்கள் மேல் போட்ட வழக்கு, எங்கள் வரிகளைத் திருடிவிட்டார்கள் என்று. இரண்டு வருஷம் நடந்தது. பதினெட்டாயிரம் ஃபைல்களைக் குடைந்து பார்த்துக் கடைசியில் ராஜியாகப் போனபோது எடுத்துப் போடச் சொன்னது மூன்றே மூன்று ஃபைல், இன்னும் சிலவற்றில் சின்னத் திருத்தம். அவ்வளவுக்குத்தான் அத்தனை சண்டை. அந்த இரண்டு வருஷம் பிஎஸ்டி பக்கம் போகவே ஆட்கள் பயந்தபோதுதான் லினுக்ஸ் வளர்ந்துகொண்டது. ஓசூருக்குப் போனவனும் அப்படித்தான் வளர்ந்தான், முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறான் இன்று. நான் மாடியறையில் தனியாக உட்கார்ந்து அசல் ரத்தம் அசல் ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் ரத்தத்தை அவன் ரத்தத்தோடு ஒரு குழாயில் ஊற்றி, சண்டை போடுகிறதா என்று யாரோ ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பாள். ரிப்போர்ட் எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அந்த ரிப்போர்ட்டை யாரும் அழித்துவிடாமல் இருக்க வேண்டும். என் உடம்பே, இத்தனை வருஷம் நான் பேசின வீறாப்பையெல்லாம் நம்பிவிடாதே, அவன் வந்தால் உள்ளே விடு. இப்படிக் கும்பிட்டுக்கொண்டு கிடக்கிறேன். பன்னிரண்டு. தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு, நாக்கு அட்டையாக ஒட்டிக்கொள்கிறது.

பன்னிரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. கையில் சின்ன பிளாஸ்க், அதில் ஐஸ் துண்டுகள். தாகத்துக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று ஜெனிலா சொல்லியிருப்பாள் போல. ஸ்பூனில் ஒன்றை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஐஸை வாங்கிவிட்டால் பேச முடியாது, பேசாமல் இருக்க அது ஒரு நல்ல சாக்காகிவிடும், அப்புறம் பன்னிரண்டரை ஆகிவிடும்.

"மருதா, அந்த ஏ எனக்குத் தெரியும்டா. ரெண்டு வருசத்துக்கு முந்தியே தெரியும். எழுதி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்து அதை அழிச்சுப்போட்டுத்தான் தெரியாதுன்னு சொன்னேன். உன்ற தப்பு இல்ல அது."

ஸ்பூன் அப்படியே நின்றது. ஐஸ் ஒரு சொட்டு என் போர்வையில் விழுந்தது. அவன் ஸ்பூனைப் பிளாஸ்க்கில் திரும்ப வைத்து, மூடியைத் திருகினான், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்ண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் எங்க தப்பு நடந்துதுன்னு தேடுறப்ப பாத்தேன், இருந்துது. திங்கக்கிழமை காலைல பாத்தேன், இல்ல."

அப்படியானால் லேப்காரர் முன்னால் நான் கையை நீட்டியபோதே இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே ஆமாங்க என் தப்புதாங்க என்றிருக்கிறான், தெரிந்துகொண்டே இருபது வருஷம் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான், தெரிந்துகொண்டே பையோடு வந்து நின்றிருக்கிறான். ஏண்டா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயே சொல்லோணும்னு இருந்தேன். அதுக்கு நீ இருபது வருசம் எடுத்துக்குவேன்னு எனக்கென்ன தெரியும். போச்சாது விடு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, ஏதோ கடைக்குப் போய்வந்த விஷயம் மாதிரி சொன்னான். "ரிசல்ட் பத்தரைக்கே வந்துருச்சுண்ணா. சேருதாம். நல்லாவே சேருதாம். நீ சொல்ல வந்து வந்து முழுங்கீட்டிருந்த. நான் முந்திக்கிட்டா அப்புறம் நீ சொல்லவே மாட்டே."

ஒன்றே முக்கால் மணி நேரம். என் உயிரைச் சட்டைப்பையில் போனோடு போட்டுக்கொண்டு, வராந்தாவில் நீல நாற்காலியில், நான் சொல்வதற்காக உட்கார்ந்திருந்திருக்கிறான். திட்டவேண்டும் போல் இருந்தது, காலைத் தொடவேண்டும் போலவும் இருந்தது, இரண்டுக்கும் எழுந்திருக்க வேண்டும், இடது கையை அனக்கக்கூடாது. நன்றி என்ற வார்த்தையைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது, அவன் போர்வை நுனியால் துடைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து ஓர் ஐஸ் துண்டை எடுத்து என் வாயில் போட்டான், இந்த முறை வாங்கிக்கொண்டேன். அது கரைகிற வரைக்கும் இரண்டு பேரும் பம்ப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரைந்ததும், காலையில் கரண்ட் போய் வந்தப்ப பார்த்தேன், இந்த மெஷினுக்குள்ள ஓடறது உன்ற லினுக்ஸ்டா என்றேன். அவனுக்குச் சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது, வெகு நேரம், கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரைக்கும்.